அக்காவின் இடது கால்

ஜூன் 10, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. அப்பா ரப்பர் வெட்டப் போகவில்லை. துணி எதுவும் காயவில்லை.

ஷீபா அக்கா நேற்று திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். மஸ்கட்டில் பியூட்டி பார்லர் வேலை. ஒரு மாத லீவு. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாயிற்று என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறாள். கட்டியெல்லாம் இல்லை. தொங்கின வயிற்றை வெட்டித் தைக்கிற ஆப்பரேஷன். மஸ்கட்டில் பிள்ளைகளோடு இருக்கிற அத்தானுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ, "ஷீபா, இது எத்தனாம் மாசம்?" என்று கேட்டார்கள். அவள் சின்னவனுக்கு அப்போதே மூன்று வயது. அன்று பந்தியில் அவள் இலையைத் தொடவில்லை. பக்கத்தில் நான்தான் இருந்தேன். அதனால் அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

திரும்பிப் போக டிக்கெட் 22, ஞாயிறு. டாக்டரிடம் லீவு இரண்டு மாதம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். "இல்லேன்னா அவரு கத்தியே எடுத்திருக்க மாட்டாரு, கேட்டியா."

ஜூன் 11, புதன்

அம்மா பேறுகாலப் பக்குவம் தொடங்கிவிட்டாள். நல்லமிளகு ரசம். சுறாப் புட்டு. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, நடந்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும். தண்ணீர் குடித்தால் புண் சீழ் கோக்கும், நாக்கு நனைய மட்டும்.

அக்கா: "நடக்கணும்னு டாக்டர் சொன்னாரும்மா."

அம்மா: "அவரு எத்தன பெத்தாரு?"

நடந்தால் தையல் இழுக்கிறது என்று அக்காவும் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சபைப் பெண்கள் ஜெபிக்க வந்தார்கள். கட்டி எவ்வளவு பெரிசு என்று ஒருத்தி கேட்டாள். அக்கா யோசித்து, "நெல்லிக்கா அளவு" என்றாள். முற்றத்தில் செருப்பு போடும்போது அவர்களுக்குள்: "ஆரஞ்சுத் தண்டி இருந்துச்சாம், பாவம்." நான் அடுக்களையில் சாயா வடிகட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை. வந்தால் என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார்கள்.

ஜூன் 13, வெள்ளி

மழை விட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைக் காலுறை, தொடைவரை இறுக்கிப் பிடிப்பது, கொடியில் தொங்குகிறது. "காலுக்கு ரத்தம் ஓடண்டாமா" என்று அம்மா கழற்றித் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

மத்தியானம் போனில் படித்தேன். ஆப்பரேஷனுக்குப் பிறகு நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். தண்ணீர் குறைந்தால் இன்னும் மோசம். அதோடு விமானத்தில் காலை மடக்கி உட்கார்ந்து போனால், உறைந்தது நெஞ்சுக்கு ஏறி மூச்சை அடைக்கலாம். எல்லாமே இந்த வீட்டில் நடக்கிறது.

அக்காவிடம் சொன்னேன். "போடி. மஸ்கட் என்ன அமெரிக்காவா? நான் பிளேன்ல எழும்பி எழும்பி நடப்பேன்." இங்கே நடக்காதவள்.

அம்மாவிடம் காலுறையைப் பற்றி மட்டும் சொன்னேன். "நீ படிச்சது பூவும் காயுந்தானட்டி." உண்மைதான், பி.எஸ்ஸி. தாவரவியல். வீட்டில் முதல் டிகிரி என்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். காலுறை விஷயத்துக்குச் செல்லாது போல.

அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. கர்ப்பப்பையை யாரும் தொடவே இல்லை என்று தெரிந்தால் அம்மா அவளை நடக்க விடுவாள். அதைச் சொன்னால் அக்கா என் முகத்தில் முழிக்க மாட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாவும் அப்பாவும் சர்ச்சுக்கு. நான் அக்காவின் பெட்டி கட்டினேன். நேந்திரங்காய் சிப்ஸ், மீன் ஊறுகாய், நல்லமிளகு, சின்னவனுக்குச் சட்டை. ஊறுகாய்ப் பாட்டிலுக்கு மூன்று கவர்.

குளியலறைக்குப் போன அக்கா நொண்டிக்கொண்டு வந்தாள். "இடது கெண்டக்கால்ல குரக்கு பிடிச்சிருக்கு."

அம்மா வந்ததும் எண்ணெய் போட்டு நீவினாள். நீவவே கூடாது என்று வெள்ளிக்கிழமை படித்திருந்தேன். "அம்மா, வேண்டாம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

நேரம் ரொம்ப ஆகிவிட்டது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் தையல் டேப்பால் அக்காவின் கால்களை அளந்தேன். இடது கெண்டை நன்றாகவே தடித்திருந்தது. தொட்டால் சூடு. அக்கா டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

ரப்பர் ஷீட் காய்கிற கொட்டகைக்குப் பின்னால் போய் தி.புரம் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது வரியிலேயே நர்ஸ் மறித்தாள்.

"ஒரு காலோ, ரெண்டு காலோ?"

"ஒண்ணு. இடது."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பிறகு, "எப்பவாவது மூச்சு முட்டியோ?"

"இல்ல. ஞாயிற்றுக்கிழமை பிளைட்டு."

"பிளைட்டா? ஆரு போகச் சொன்னது? லீவு ரெண்டு மாசம்னு எழுதியிருக்கே. மோளே, கால நீவண்டாம். பக்கத்துல எங்க ஸ்கேன் உண்டோ இப்பமே கொண்டு போ."

அடுக்களையில் அம்மா மறுபடி எண்ணெய் சூடாக்கிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றபடி சொன்னேன். "அம்மா, கர்ப்பப்பைய யாரும் தொடவே இல்ல. கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"பின்ன எதுக்காக்கும் கிழிச்சது?"

சொன்னேன். கல்யாண வீட்டில் கேட்டதையும், நர்ஸ் சொன்னதையும். இவ்வளவு நீளமாக அம்மாவிடம் நான் பேசினதே இல்லை.

அடுப்பை அணைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். நேரே அக்காவிடம் போனாள். "எங்கிட்ட சொல்லப்பிடாதா மக்கா? வெள்ளம் தராம போட்டிருந்தேனே." ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

மார்த்தாண்டத்துக்குக் கார். பின்சீட்டில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "காட்டிக் குடுத்திட்டல்லா" என்றாள். அப்பா முன்சீட்டில். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ.

ஸ்கேனில் முழங்காலுக்குக் கீழே ரத்தம் உறைந்திருக்கிறது. சின்னது. மேலே ஏறவில்லை. மாத்திரையில் சரியாகும், தவறாமல் சாப்பிட வேண்டும், தான் சொல்கிறவரை விமானம் கூடாது என்றார் டாக்டர். "இதோட ஏறியிருந்தா?" என்று அக்கா கேட்டாள். "ஏறல்லல்லா. விடுங்க" என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

வராந்தாவில் அப்பா என்னிடம், "மாறிருமா?"

"மாறிரும்ப்பா."

பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகம் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பசித்தது. அப்போதுதான் தெரிந்தது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கேன்டீனில் நாலு பழம்பொரி.

ஜூன் 18, புதன்

நல்ல வெயில். நேற்று முழுக்கத் தூங்கினேன்.

அத்தான் டிக்கெட்டை மாற்றிவிட்டார். பார்லர்க்காரி முணுமுணுத்துவிட்டு லீவை நீட்டியிருக்கிறாள். சின்னவன் வீடியோவில், "அம்மாக்கு கால் ஒடஞ்சிட்டா?"

அக்கா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. இன்று நான் காலுறையை மாட்டிவிடும்போது, "பைய இழு. காலென்ன அரிசிச் சாக்கா?" என்றாள். போதும்.

சபைப் பெண்ணொருத்தி மறுபடி வந்தாள். ஆப்பரேஷன் ஆனவள் முற்றத்தில் நடக்கலாமா என்று கேட்டாள். அம்மா: "அவளுக்கு நடக்கத்தான் சொல்லியிருக்கு. நீங்க கொஞ்சம் வழி விடுங்க."

பெட்டியைப் பிரித்தேன். சிப்ஸ் நாங்களே தின்கிறோம்.

ஜூன் 22, ஞாயிறு

மறுபடி மழை. கால் வீக்கம் குறைந்திருக்கிறது. வலி இல்லை. மாத்திரை கொடுத்தாயிற்று.

விமான நேரம் வந்தபோது அம்மாவும் அக்காவும் நானும் கடிகாரத்தைப் பார்த்தோம். அக்கா காலை நீட்டி, மடக்கி, நீட்டினாள்.

அப்பா வெளியே போன பிறகு அம்மா, "ஒருக்கா காட்டு பாப்பம்" என்றாள். அக்கா கூச்சத்தோடு நைட்டியை ஏற்றி, வயிற்றுக் கட்டை விலக்கினாள். அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"கொள்ளாம், நல்லாத்தான் தச்சிருக்கான்" என்றாள். பிறகு, தன் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டே, "எனக்கும் உங்க ரெண்டுபேரையும் பெத்தப்பம் தொங்கினதுதான். நான் ஆருகிட்ட சொல்லுகது?"

அக்கா நைட்டியை இறக்கிவிட்டு நடக்க எழுந்தாள். அம்மாவும் கூடவே போனாள், ஒரே குடையில்.