மைக்கில் யாரும் சொல்லவில்லை

ஆரணி
4.3.2024

அன்புள்ள தம்பி அலனுக்கு,

கர்த்தர் உனக்குத் துணையிருப்பாராக. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். மாமாவுக்கு இடக்கண்ணில் இனிப் பார்வை வராது என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள். இழை அறுந்தது தெரியாமல் நெய்துகொண்டே போகிறார்.

கிணற்றில் சாயக் கழிவு கலக்கிறது என்று சாலையில் உட்கார்ந்தவர்கள் மேல் கண்ணீர்ப் புகைக் குண்டு போட்டீர்களே, அதில் ஒன்றுதான் மாமா கண்ணில் பட்டது. வழக்கு தொடுத்திருக்கிறோம். வக்கீல் கற்பகம் இரண்டு கேள்வி கேட்கிறார். கலைந்து போகச் சொல்லி முதலில் மைக்கில் எச்சரித்தார்களா? குண்டை மேல்நோக்கிச் சுட்டார்களா, ஆள்மேல் நேராகவா? நீயும் அந்தப் போலீஸ் வரிசையில் நின்றாய். உள்ளதை எழுது.

உன் அக்கா,
பாக்கியமேரி

முகாம்
15.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மைக்கில் மூன்று முறை சொன்னோம். குண்டு மேலேதான் போனது, மின்கம்பத்தில் பட்டுத் திரும்பியிருக்கும். நான் பின்னால் வண்டியருகே நின்றேன். அது உயிரை எடுக்காத ஆயுதம், சட்டமே அனுமதிக்கிறது. வழக்கு வேண்டாம் அக்கா, நமக்குத்தான் பேஜார். இதைப் பற்றி முகாமுக்கு எழுதாதீர்கள்.

தம்பி,
அலன்

ஆரணி
22.3.2024

தம்பிக்கு,

உயிரை எடுக்கவில்லை, சரி. அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தேன். கம்பம் சாலைக்கு எதிர்ப்பக்கம், வெகு தூரத்தில் இருக்கிறது. மைக் சத்தம் கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

உன் கடிதம் வந்தது என்று மட்டும்தான் மாமாவிடம் சொன்னேன். உடனே, "அவன் பேர இதுல இழுக்காத. சுட்டவன் மூஞ்சிய நான் பாக்கல, வுடு" என்றார். யார் சுட்டது என்று நான் கேட்கவே இல்லையே, அலன்.

இரண்டு பேரும் என்னிடம் எதை மறைக்கிறீர்கள்?

பாக்கியமேரி அக்கா

முகாம்
2.4.2024

அக்கா,

மைக்கில் யாரும் சொல்லவில்லை. நேராக அடி என்றார் அதிகாரி. மாமா கையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் நடந்து வந்தார். "அலன், நாங்களே எழுந்து போய்டறோம்பா, கொஞ்சம் இரு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் சுட்டுவிட்டேன். பயமா, உத்தரவா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அக்காகிட்ட சொல்லாத" என்றார்.

இதில் கையெழுத்திட்டிருக்கிறேன். வக்கீலிடம் கொடுங்கள். வேலை போனால் போகட்டும்.

அலன்

ஆரணி
9.4.2024

அலன்,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று அழுதார். கொடுத்துவிட்டேன். உத்தரவிட்டவர் பெயரையும் நீ நேரில் சொல்ல வேண்டும் என்கிறார் வக்கீல்.

மாமா உன்னை அன்றைக்கே மன்னித்துவிட்டார். எனக்கு இன்னும் அந்த மனசு வரவில்லை.

சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு வா. வீட்டுக்கு இப்போது வராதே.

பாக்கியமேரி