கையை விட்ட ராஜாக்கள்

ஜூன் 5

லீவு கிடைத்துவிட்டது. என் ஷிஃப்டைக் கூட வேலை செய்யும் லூபே பார்த்துக்கொள்கிறாள். வருஷம் முழுக்கச் சூதாட்ட விடுதியில் அடுத்தவர்கள் ஆடச் சீட்டுக் கலைத்துப் போடுகிறேன். கோடையில் ஒரே ஒரு போக்கர் போட்டியில் மட்டும் நானும் உட்கார்ந்து ஆடுவேன். ஒரு தடவையாவது முதல் நாளைத் தாண்டி இரண்டாம் நாளுக்குப் போய்விட வேண்டும். இதுவரை வாய்க்கவில்லை.

ஹார்லனும் அதே போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறான். விவாகரத்தாகி ஒன்பது வருஷம் கழித்து, ஜூலை முதல் தேதி மறுபடியும் இந்த வீட்டுக்கு வரப்போகிறவன். மகளிடம் போனில் சொன்னேன். "அம்மா, நல்லா யோசிச்சுட்டியா?" என்று கேசி இரண்டு முறை கேட்டாள். யோசித்துவிட்டேன். இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் வந்து சாப்பிட்டுப் போகிறான். ஒரு பொய் சொல்லிப் பிடிபடவில்லை.

பொய் சொல்லவில்லை என்றுதான் எழுத வந்தேன். கை 'பிடிபடவில்லை' என்று எழுதுகிறது. இருக்கட்டும்.

ஜூன் 7, காலை

முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் தட்டில் மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். பதற்றமே இல்லை. கிளம்புகிறேன்.

ஜூன் 7, மாலை

போச்சு. எழுதித் தீர்த்தால்தான் சாப்பாடு இறங்கும் போலிருக்கிறது.

மதியம் வரை நன்றாகத்தான் போனது. இடைவேளைக்குப் பிறகு எங்கள் மேசையைக் கலைத்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பினார்கள். புது மேசையில் எனக்கு நேரெதிரே ஹார்லன். "இந்தம்மா கிட்ட பாத்து ஆடுங்கப்பா. என் வீட்டையே ஜெயிச்சு எடுத்துக்கிட்டவங்க" என்றான். மேசையே சிரித்தது. நானும்தான்.

கொஞ்ச நேரத்தில் என் கைக்கு ஜோடி ராஜா வந்தது. நடுவில் விரித்த சீட்டுகளில் இன்னொரு ராஜா. ஆக மூன்று. மற்றவர்கள் எல்லோரும் விட்டுவிட்டார்கள், ஹார்லன் மட்டும் கூடவே வந்தான். கடைசிச் சீட்டு விழுந்தபோது நடுவில் மூன்று ஹார்ட்டின். அவன் கையில் இரண்டு ஹார்ட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே இனம், ஃப்ளஷ். என் மூன்று ராஜாவும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. பெரிதாகக் கட்டினான். இருக்காது, பயம் காட்டுகிறான் என்று தோன்றியது. நானும் ஈடாகக் கட்டினேன். அதன்பிறகு என் முன்னால் பணத்துக்குப் பதில் வைக்கிற சிப் வில்லை ஏழெட்டுதான் மிச்சம்.

அவன் சீட்டைத் திருப்பவில்லை. என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, ஏதோ துக்கம் விசாரிக்கிற குரலில், "ஃப்ளஷ், நோரீன். சாரி" என்றான்.

நான் என் சீட்டைக் கவிழ்த்தபடியே முன்னால் தள்ளிவிட்டேன். சீட்டுப் போடுகிறவன் அதை வாரிக் குப்பையோடு சேர்த்துவிட்டான். பிறகுதான் ஹார்லன் தன் சீட்டைத் திருப்பினான். ஹார்ட்டின் ஏஸ். டைமன் ஆறு.

ஃப்ளஷ் இல்லை. ஒரு மண்ணும் இல்லை.

கையை விட்ட சீட்டு செத்த சீட்டு. அந்த விதி எனக்குத் தெரியாதா? என் மேசையில் உட்காருகிற ஒவ்வொரு புது ஆளுக்கும், "அவர் வாயைப் பாக்காதீங்க, சீட்டைப் பாத்துட்டு விடுங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. மேற்பார்வையாளர் வந்து நின்று, "நோரீன், உனக்கே நான் சொல்லணுமா?" என்றார். அவ்வளவுதான். நடுவில் கட்டியிருந்தது எல்லாம் ஹார்லனுக்குப் போயிற்று. பக்கத்து நாற்காலி அம்மாள், "போயும் போயும் பழைய புருஷனையா நம்புனீங்க?" என்றாள்.

மிச்சமிருந்த சிப்பையும் ஆத்திரத்தில் ஒரே ஆட்டத்தில் கட்டித் தோற்றேன். வெளியே வராந்தாவில் ஹார்லன் ஓடி வந்தான். "சத்தியமா நோரீன், ரெண்டும் ஹார்ட்டின்னுதான் பாத்தேன். செவப்பு எல்லாம் ஒண்ணா தெரியுது. கண்ணு போச்சு போல." கண்ணில் தண்ணீர் கூட இருந்தது. நான் வண்டியை எடுத்தேன்.

ஜூன் 8

இரண்டாம் நாளுக்கு அவன் போயிருக்கிறான். என் சிப்போடு.

ஜூன் 10

வேலைக்குப் போனேன். என் கதை எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. லூபே காப்பியை வைத்துவிட்டு, "அவன் தெரிஞ்சேதான் சொன்னான்டி. இந்த வேலையைப் பண்றவனுங்கள நீ எத்தன பேரப் பாத்திருக்க?" என்றாள். அவளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். "அவன் கண்ணைப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்று கத்தினேன். அவள் பாவம், என் பக்கம்தான் பேசினாள்.

நான் ஏன் அவனுக்காகக் கத்தினேன்?

தோற்றது பெரிதில்லை, தோற்றுத் தோற்று மரத்துப்போய்விட்டது. ஆனால் வேறு யார் 'ஃப்ளஷ்' என்று சொல்லியிருந்தாலும் காட்டு என்றிருப்பேன். அவன் சொன்னதும் யோசிக்கவே இல்லை. இத்தனைக்குப் பிறகும் அந்த ஆள் சொன்னால் நான் நம்புகிறேன்.

ஜூன் 13

ஞாயிறு. சாப்பிட வந்தான். இரண்டாம் நாள் மதியத்துக்குள் தோற்று வெளியே வந்துவிட்டானாம். லாரிக்காரர்கள் மாதிரி வேகமாகச் சாப்பிடுகிறவன், இன்று மெல்ல மெல்லச் சாப்பிட்டான். செய்தித்தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படித்தான். தள்ளிப் பிடித்தான்! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒருத்தனுக்குக் கண் கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

கண் மருத்துவரிடம் பதினாறாம் தேதிக்கு நேரம் வாங்கிவிட்டேன். நானே அழைத்துப் போகிறேன் என்றேன். தலையாட்டினான்.

ஜூன் 16

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவன் இறங்கவில்லை.

"கேன்சல் பண்ணிடு" என்றான்.

"ஏன், பயமா? சும்மா எழுத்தப் படிக்கச் சொல்வாங்க, அவ்வளவுதான்."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு, நோரீன்."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது.

"டைமன்னு தெரியும். நீ ஈடு கட்டினதும் தோத்துட்டோம்னு புரிஞ்சுபோச்சு. வாயில வந்துடுச்சு. நீ கேட்பேன்னுதான் நெனச்சேன், காட்டுடான்னு. நீ கேக்கல. தூக்கிப் போட்டுட்ட."

"அப்போ என் மேல தப்பா?"

"இல்ல. இல்லடி. ஒரு வாரமா நீ கண்ணு கண்ணுன்னு அலையறதப் பாக்க முடியல. அதான் சொல்றேன்."

ஐயோ, ஏன்டா சொன்ன? சொல்லாமலே இருந்திருக்கலாமே பாவி. உள்ளே போய், எழுத்துகளைத் தப்பும் தவறுமாகப் படித்துத் தொலைத்திருக்கலாமே! உனக்கா பொய் சொல்லத் தெரியாது? கண் போயிருந்தால் ஆயுசு முழுக்கக் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருப்பேன்.

அவனை அவன் வீட்டில் இறக்கிவிட்டேன். தானாக வந்து ஒரு உண்மையைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதற்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 17

வரட்டும். உண்மையைச் சொன்னவன்தானே.

ஜூன் 19

இல்லை.

ஜூன் 26

போனில் சொல்லிவிட்டேன், வர வேண்டாம் என்று. மன்றாடுவான் என்று நினைத்தேன். "சரி" என்றான். "ஞாயித்துக்கிழமை சாப்பாடு?" என்று கேட்டான். அதுவும் வேண்டாம் என்றேன்.

கேசி ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

ஜூலை 11

வீட்டு ஏசி நின்றுவிட்டது. வெளியே நூற்றுப் பதினொரு டிகிரி. ஹார்லனுக்கு இதுதான் தொழில். ஒரு போன் போட்டால் பத்து நிமிஷத்தில் வந்திருப்பான். வேறு ஒரு ஆளை வரச் சொன்னேன்.

வந்தவர் வயசான, மரியாதையான மனுஷர். கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மோட்டார் எரிஞ்சுபோச்சும்மா. மாத்தணும்" என்றார்.

"கழட்டிக் காட்டுங்க" என்றேன்.

"முப்பது வருஷமா இதே வேலைதான்மா பாக்குறேன்."

"பரவால்ல, காட்டுங்க."

அவர் அந்த வெயிலில் மறுபடி போய், ஒவ்வொரு திருகாகக் கழற்றி, மூடியைத் தூக்கிப் பிடித்தார். குனிந்து பார்த்தேன். உள்ளே கருகிப்போயிருந்தது. அவர் சொன்னது உண்மைதான். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

குளிர்ந்த தண்ணீர் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும்மா, இப்பல்லாம் எல்லாரும் இப்படித்தான் கேக்குறாங்க" என்றார்.

நான் அப்படிக் கேட்கிறவள் இல்லை என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். அவர் போன பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். வீடு குளிர வெகுநேரம் ஆயிற்று.