ஞாயிற்றுக்கிழமைக் கேபிள் பாடங்கள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன், இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை, அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறவே இல்லை, அது எப்படி ஏறாமல் இருக்கிறது என்று இப்போதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. போனில் பேசாமல் இது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து பேசுவாய். உன் பேச்சைக் கேட்டு நாலு மாதம் ஆடியது போதும், இந்த ஒரு தடவை நான் சொல்லி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். சமையலறைத் தொட்டியில் அடைப்பு எடுத்தாயிற்று, மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள், அவர்கள் விட்டுப்போன பூனை நம் வாசலிலேயே படுத்துக் கிடக்கிறது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். இனிமேல் என் செய்தி.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது பாதிக்கதை என்று இரண்டு வாரம் முன்னால்தான் தெரிந்தது. எங்கள் தபால் ஊழியர் விளையாட்டு மன்றத்துக்குப் புதுக் கூடம் கட்டினார்கள். பழைய கூடத்தில் வெற்றி பெற்றவர்களின் பெயர்ப்பலகை கரையான் அரித்துப் போனதால் புதிதாக எழுத ஏற்பாடு செய்தார்கள். நான் மேசைப்பந்தில் ஜெயித்த வருடத்துக்கு நேராக அவர்கள் குறிப்பில் தகவல் இல்லை என்று இருந்ததாம். புதுச் செயலாளர் மரியாதையான பிள்ளை, நேரில் வந்து, மேடம் தப்பா நினைக்காதீங்க, ஆதாரம் ஏதாவது இருக்கா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆதாரமா, நாற்பது நிமிடம் முழு ஆட்டமும் கேசட்டில் இருக்கிறது, அன்றைக்கு எங்கள் மேலாளரின் தம்பி கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற கேமராவைக் கொண்டுவந்து ஓசியில் எடுத்தது, உங்கள் கூடத்துத் திறப்பு விழாவிலேயே எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிறேன் என்று சொன்னேன். அவரும் சந்தோஷமாக அழைப்பிதழில் அதை அச்சடித்துவிட்டார். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார்.

பழைய வீடியோ டெக் பரண்மேல் இருந்தது. அது கெட்டுப்போய்விட்டது என்று அப்பா வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார், இறக்கித் துடைத்துச் செருகினால் விளக்கு எரிந்தது, கேசட்டும் சுற்றியது. ஆனால் டெக்கின் முதுகில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டைகள், நம் புது டிவியின் முதுகில் படத்துக்கென்று தட்டையாக எச்டிஎம்ஐ ஓட்டை மட்டும். உன்னைக் கூப்பிட்டேன். உன் தொழிலே அதுதானே, பெரிய ஹோட்டலில் கூட்டம் நடக்கிற அறைகளில் திரைக்கும் ஒலிபெருக்கிக்கும் வயர் இழுத்து மாட்டுகிறவன், உன்னைவிட யாருக்குத் தெரியும் என்று. நீ, சரிம்மா, ஞாயித்துக்கிழமை பார்க்கலாம் என்றாய். முதல் ஞாயிறு, ஒரு முனையில் எச்டிஎம்ஐயும் மறுமுனையில் மூன்று நிறமும் உள்ள வயர் ஒன்று வாங்கச் சொன்னாய். வாங்கினேன், படம் வரவில்லை. அடுத்து வெள்ளை டப்பா ஒன்று. அதிலும் வரவில்லை. பிறகு பச்சை, நீலம், சிவப்பு வயர், சிவப்புதான் டெக்கிலயும் வெள்ளை டப்பாவிலயும் இருக்கே, மாட்டிப் பாரு என்றாய். பிறகு தங்க முலாம் பூசியது. கடைசியில் நுனியில் சிவப்பாக வெளிச்சம் தெரிகிற ஆப்டிகல் வயர். ஒவ்வொரு ஞாயிறும் நான் முழங்கால் வலியோடு டிவிக்குப் பின்னால் உட்கார்ந்து போனை ஓட்டைக்கு நேராகப் பிடிப்பேன், நீ அங்கிருந்து இந்தப் பின்னைத் திருப்பு, சோர்ஸை மாத்து, ஒரு தடவை அணைச்சுப் போடு என்பாய், அப்பா எனக்குப் பக்கத்தில் குனிந்து டார்ச் அடிப்பார். நாலு மாதமும் அவர்தான் டார்ச் அடித்தார்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. டெக், கேசட், நீ வாங்கச் சொன்ன அத்தனையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கிற பெண்ணிடம் போனேன். ஈய வாசனையும் குவிந்துகிடக்கிற ரிமோட்டுகளும் தவிர ஒரு ஆள் நிற்கத்தான் இடம். அவள் என் பையை மேசையில் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். முதலில் வாங்கிய வயரைக் காட்டி, இந்த வயருக்குள்ளே ஒன்றுமே கிடையாது, டெக்கிலிருந்து வருவது ஒரு பாஷை, டிவிக்குப் புரிவது வேறு பாஷை, நடுவில் மாற்றிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், வெறும் வயர் மாற்றிச் சொல்லாது என்றாள். வெள்ளை டப்பா மாற்றிச் சொல்லும், ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மட்டும்தான், இது எச்டிஎம்ஐயிலிருந்து பழசுக்குப் போகிற டப்பா, உங்களுக்கு வேண்டியது பழசிலிருந்து எச்டிஎம்ஐக்கு வருவது, பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், மேலே அச்சடித்திருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும், அதற்கு யுஎஸ்பி வழியாகக் கரண்டும் கொடுக்க வேண்டும் என்றாள். பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் சேர்ந்து படத்துக்கு மட்டும், அந்தச் சிவப்பும் சத்தத்துக்கான இந்தச் சிவப்பும் உறவே இல்லை. தங்க முலாம் பழைய கேசட்டுக்கு ஒன்றும் செய்யாது. ஆப்டிகல் வயரில் படமே போகாது, சத்தம் மட்டும்தான் போகும். இதையெல்லாம் சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்று கேட்டாள். "யாரும்மா இதையெல்லாம் வாங்கச் சொன்னது? தெரியாதவங்க சொல்லியிருந்தா ஒண்ணாவது தப்பித்தவறி சரியா இருந்திருக்கும். இது நல்லா தெரிஞ்சவங்க சொன்ன மாதிரி இருக்கு."

என் மகன் என்று சொல்ல வாய் வரவில்லை. யாரோ தெரிந்தவர்கள் என்று சொல்லிவைத்தேன். அவள் சரியான டப்பாவை எடுத்து மாட்டி அவளிடம் இருந்த ஒரு கேசட்டைப் போட்டாள், ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று படம் வந்தது. பிறகு என் கேசட். அட்டை உறையிலிருந்து அதை வெளியே எடுத்தவள் அதன் முதுகு ஓரத்தைத் தடவிப் பார்த்து, இதை யாரோ ஒட்டியிருக்காங்களே என்றாள். அந்த ஓரத்தில் இருந்த சின்னப் பிளாஸ்டிக் மூக்கை, மேலே வேறு எதுவும் பதிந்துவிடக்கூடாது என்று, நான்தான் திருப்புளி வைத்து உடைத்திருந்தேன். அந்தப் பள்ளத்தை மூடினால் மறுபடி பதியலாம். மூடியிருந்தது, பள்ளிக்கூட நோட்டில் பெயர் எழுதி ஒட்டுகிற சீட்டால். அதில் உன் வகுப்பும் பிரிவும் உன் கையெழுத்தில் இருந்தது. படம் ஓடியது, நான் தெரிந்தேன், முப்பது வயதில் இவ்வளவு ஒல்லியாகவா இருந்தேன் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறாவது நிமிடத்தில் ஒரு உதறல், அதற்குப் பிறகு டிவி மல்யுத்தம், சட்டை போடாத தடியன்கள் ஒருவனை ஒருவன் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிவரை ஓட்டிப் பார்த்தோம். கடைசிவரை தடியன்கள்தான்.

வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைக்கவில்லை, அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பார்த்துட்டியா என்றார். என்னத்தை என்று கேட்கவில்லை, எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் தெரிந்துவிட்டது, விவரத்தை உட்காரவைத்துக் கேட்டு வாங்கினேன். பதினான்கு வயதில் நீ பதிந்தாய், நான் போட்டுப் பார்த்தால் உடனே தெரியக்கூடாது என்று முதல் ஆறு நிமிடத்தை விட்டுவிட்டுப் பதிந்தாய், பிறகு பயந்துபோய் அவரிடம் அழுதாய், அவர் டெக்கைப் பரணில் ஏற்றிவிட்டுக் கெட்டுப்போய்விட்டது என்று எனக்குச் சொன்னார். இருபத்து நாலு வருடம். இப்போது செயலாளர் வந்துபோன அன்றைக்கே மொட்டைமாடிக்குப் போய் உன்னைக் கூப்பிட்டு, கேபிள் சரியில்லைன்னு ஏதாவது சொல்லி இழுத்துக்கிட்டே போ, விழா முடிஞ்சா மறந்துடுவா என்று சொன்னதும் அவர்தான். முப்பது வருடம் எடை அளவு ஆய்வாளராக ஊர்க் கடைகளில் கள்ளத் தராசைக் கண்டுபிடித்த மனுஷன். உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் என்று என்னிடம் சொல்கிறார். கூட்டுக் களவாணிகள் இரண்டு பேரும் என் மனசை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டீர்கள்.

விழாவுக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது உண்மை. கூடத்தில் அறுபது பேர், சுவரில் பெரிய டிவி, பக்கத்தில் புதுப் பலகை, அதில் என் வருடத்துக்கு நேராகக் காலி இடம். செயலாளர், ரெடியா மேடம் என்றார். கேபிள் சரியில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. விழுங்கிவிட்டு நானே போய் மஞ்சளை மஞ்சளில், வெள்ளையை வெள்ளையில், சிவப்பைச் சிவப்பில் மாட்டி, டப்பாவுக்குக் கரண்ட் கொடுத்து, சோர்ஸை மாற்றினேன், அங்கே இருந்தவர்கள் யாருக்கும் தெரியாத வேலை, ஒரே தடவையில் படம் வந்தது. ஆறு நிமிடம்தான் இருக்கிறது, மிச்சத்தை என் பையன் அழித்துவிட்டான் என்று சொன்னேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அந்த ஆறு நிமிடத்தில் என்ன இருக்கிறது தெரியுமா, நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன். நாலுக்கு ஒன்பது. இரண்டு வயதுப் பிள்ளையாக நீ அப்பா இடுப்பிலிருந்து அழுகிற சத்தம் வேறு கேட்கிறது, நான் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பந்தை விடுகிறேன். படம் உதறும்போது நிறுத்தினேன். பலகைக்குப் பெயர் எழுத வந்தவர் தூரிகையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த பார்சல் பிரிவு நெட்டை எழுந்தாள், அன்றைக்கு என்னோடு மோதியவள், ஓய்வு பெற்ற பிறகு நான் அவளைப் பார்த்தே எத்தனையோ வருடம். "இதுவரைக்கும் நான்தான் முன்னாடி. ஜெயிச்சது இவதான், கடைசி ஆட்டம் இருபத்தொண்ணுக்குப் பத்தொன்பது. எழுதுங்க" என்றாள். எழுதினார்கள். தோற்றவள் எழுந்து நின்று உண்மையைச் சொன்னாள், என் வீட்டு ஆட்கள் இரண்டு பேருக்கு அது முடியவில்லை.

பலகையில் பெயர் வந்துவிட்டதே, இன்னும் என்ன கோபம் என்று அப்பா கேட்கிறார். நீயும் கேட்பாய். பதினான்கு வயதில் நீ செய்ததை நான் அன்றைக்கே மன்னித்திருப்பேன், ஒரு அறை விட்டிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், தீர்ந்திருக்கும். எனக்குத் தீராமல் இருப்பது ஞாயிற்றுக்கிழமைகள். நீ ஊரைவிட்டு அங்கே போன பன்னிரண்டு வருடத்தில் என்னோடு பேசியது வாரத்துக்கு மூன்று நிமிடம், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அப்பாகிட்டே குடு. இந்த நாலு மாதம்தான் ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே. பொறுமையாகச் சொன்னாய், நான் தப்பாக மாட்டினால் சிரித்தாய், உன் வேலையில் ஒருநாள் திரை எரியாமல் போய் நீ வியர்த்து நின்றதைச் சொன்னாய், மருமகளுக்குப் பழைய டிவி காலத்துக் கதையெல்லாம் என்னைச் சொல்லச் சொன்னாய். ஞாயிறு காலையில் நான் தலைவாரி நல்ல புடவை கட்டிக்கொண்டு டிவிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ரிப்பேர்க் கடை நம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை, முதல் வாரமே போயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் போகவில்லை. படம் வராவிட்டாலும் பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இழுக்கட்டும் என்றுகூட ஒரு ஞாயிறு நினைத்தேன். நான் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தேன், நீ என்னைச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறாய். இதை எழுதும்போதே எனக்கு அழுகை வருகிறது, எழுதாமல் விட்டால் நானும் உங்களைப்போல ஆகிவிடுவேன் என்று எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, உயரத்தில் ஏறி வயர் கட்டும்போது கீழே ஒரு ஆளை நிறுத்திக்கொள். மருமகளுக்கு என் அன்பைச் சொல், அவளுக்கும் இது தெரியுமா என்று நான் கேட்கமாட்டேன், தெரியும் என்று நீ சொல்லிவிட்டால் தாங்கமாட்டேன். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், கோபத்தில் எழுதுகிற கடிதத்திலும் அதில் மாற்றமில்லை. அப்பாவிடம் சொல்லி எனக்குச் சமாதானம் அனுப்பாதே, அவரோடு நான் பேசுவதில்லை, சோறு மட்டும் போடுகிறேன். ஞாபகமாக ஒன்று. இந்த ஞாயிறு கூப்பிடாதே. அதற்கு அடுத்த ஞாயிறு கூப்பிடு, கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை வரக்கூடாது. வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லையென்றால் ஒரு வாரம் இருக்கிறது, யோசித்து வை.

இப்படிக்கு,
ஏமாந்த உன் அம்மா