மாப்பிள்ளை அனுப்பிய பூச்செடிகள்

பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது.

நீங்கள் வண்டியில் அனுப்பின பூச்செடி எல்லாம் வந்தது. மகாராணி மாதிரி வந்து இறங்கி, ஒரே வாரத்தில் மண்டையைப் போட்டது. குடிக்கிற தண்ணிக்கே குடத்தோடு காத்துக் கிடக்கிற கல்லு மலைக்கு, தொட்டால் வாடுகிற செடியை அனுப்பத் தனிப் படிப்பு வேண்டும் போல.

செடி கொண்டுவந்த ஆள், மகளைப் புதைத்த இடத்தில், அவள் தலைமாட்டில் நிற்கிற இலந்தையையும் சுற்றியுள்ள விராலிப் புதரையும் வெட்டப் போனான். நீங்கள் சொன்னீர்களாம். மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். "எழுந்திரிங்கம்மா" என்றான். "என்னையும் சேர்த்து வெட்டு, கூலி ஒண்ணுதானே" என்றேன். போய்விட்டான். அவனுக்காவது வெட்கம் இருந்தது.

சின்ன வயதில் அந்த இலந்தையில் பழம் பறித்து, சட்டையெல்லாம் கிழித்துக்கொண்டு வந்து என்னிடம் அடி வாங்குவாள். அதனால்தானே அவளை அங்கே வைத்தோம். மரத்தை விட்டுவிடுங்கள். உங்களிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

அத்தை

பிப்ரவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

நலம்தானே? நீங்கள் திட்டினாலும் எனக்கு அம்மா மாதிரிதான். முதல் வருட நினைவுக்கு என் மேலதிகாரிகள் குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்களிடம் முட்புதரையா காட்டுவது? பளிங்குக் கல், சுற்றிலும் புல்தரை, அழகாக இருக்கும். அடக்கத்தன்று அந்த மரத்தை நானே பார்த்தேன். ஒரு இலைகூட இல்லை. செத்துப்போன மரத்துக்காக ஏன் இவ்வளவு பிடிவாதம்?

அன்புடன்,
மாப்பிள்ளை

மார்ச் 2

மாப்பிள்ளைக்கு,

வெயில் காலத்தில் எங்கள் மலை மரம் இலையைக் கொட்டிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை. பார்க்கிறவன் தொட்டுப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தவளை, "தூங்குறா அத்தை" என்று போனில் சொன்னவர் நீங்கள். உயிருள்ள மரம் உங்களுக்குச் செத்ததாகத் தெரிவதில் அதிசயம் என்ன?

வெட்டாதீர்கள்.

அத்தை

மார்ச் 15

அத்தைக்கு,

நேற்று நீங்கள் வேலைக்குப் போயிருந்தபோது ஆட்கள் வந்து முடித்துவிட்டார்கள். கோபப்படாதீர்கள். புல் பிடித்ததும் நீங்களே சந்தோஷப்படுவீர்கள். அடுத்த மாதம் எல்லோரும் வருகிறோம்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 1

மாப்பிள்ளைக்கு,

விடுதியில் விரிப்பெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தேன். வெட்டின இடம் ஈரமாக இருந்தது. செத்த மரம் கசியுமா என்று உங்கள் அதிகாரிகளைக் கேளுங்கள். நான் அழவில்லை. அழுதால் உங்களுக்கு மரியாதை செய்த மாதிரி ஆகிவிடும்.

உங்கள் புல்லைப் பக்கத்து வீட்டு ஆடுகள் இரண்டே காலையில் முடித்துவிட்டன. ருசியாக இருந்திருக்கும். நீங்கள் செய்ததில் ஒன்றாவது ஒரு வாய்க்கு உதவியது.

முள் குத்துகிறது என்று உங்கள் ஆட்கள் கிளைகளை ஓடையில் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். நானும் விடுதிச் சமையல்காரியும் இழுத்து வந்து, மகளைச் சுற்றி இடுப்புயரத்துக்கு வேலி போட்டுவிட்டோம். கையெல்லாம் கிழிசல். சோப்புத் தண்ணீர் பட்டால் எரிகிறது, எரியட்டும்.

ஒரு ஓரத்தில் மட்டும் சந்து விட்டிருக்கிறேன். மண்டியிட்டு, தலையைத் தரையோடு தாழ்த்தினால் உள்ளே போகலாம். நான் தினமும் அப்படித்தான் போகிறேன்.

நீங்கள் வர மாட்டீர்கள் என்று தெரியும். பதில் எழுத வேண்டாம்.

அவளுடைய அம்மா