பதிமூன்றாவது கொடி

என் அன்பான மிலிட்டரிக்காரருக்கு,

கல்லறையில் நிம்மதியாகப் படுத்திருப்பவரை எழுப்பிச் சண்டை போடத்தான் இந்தக் கடிதம். பயப்படாதீர்கள், பாதிக்கு மேல் சிரிப்புதான். உங்கள் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் நம் மகள் சேதி. எஸ்தர் பொத்தேரி காலேஜில் கடைசி வருஷம். டிரோனுக்கு அடியில் ஒரு கருவியைக் கட்டிப் பறக்கவிட்டு, மண்ணுக்குள் இருக்கும் கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கிறாள். பட்டாளத்தில் நீங்கள் குப்புறப் படுத்து, அங்குலம் அங்குலமாகக் கம்பியால் குத்திப் பார்த்த வேலையை இவள் நின்ற இடத்திலிருந்தே செய்கிறாள். யாருடைய மகள்!

சண்டையே மாறிப்போச்சுங்க. உங்கள் காலத்தில் எதிரி என்று ஒருத்தன் எதிரில் இருந்தான். இப்போது எவனோ ஏசி அறையில் உட்கார்ந்து பட்டனைத் தட்டுகிறான், எங்கோ ஒரு வீடு விழுகிறது. போனில் அதையெல்லாம் பார்த்திருந்ததால், எஸ்தரின் டிரோன் முதன்முதலாக நம் வீட்டு மேல் ‘கொய்ங்’ என்றபோது நான் கட்டிலுக்கடியில் போய்விட்டேன். காலேஜ் கண்காட்சிக்கு வந்த ஒருவர், "இது எவ்ளோ வெயிட் தூக்கும்மா? மேலேர்ந்து எதுனா போட முடியுமா?" என்று கேட்டாராம். "இது போடறதுக்கு இல்ல சார், எடுக்கறதுக்கு" என்று பட்டென்று சொல்லியிருக்கிறாள். அப்படியே உங்கள் வாய்.

சண்டை ஓய்ந்த ஒரு நாட்டிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டிய வயலில் கண்ணிவெடி இருக்கிறதாம். ஒருவர் காலடித் தடத்தில் ஒருவர் கால் வைத்துத்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களாம். கேட்டதும் நம் வீடுதான் ஞாபகம் வந்தது. திருவிடந்தை கடற்கரையில்கூட நீங்கள் முன்னால், உங்கள் தடத்தில் நான், என் தடத்தில் எஸ்தர். பார்க்கிற ஜனமெல்லாம் சிரிக்கும். "பேப்பர்ல கையெழுத்து போட்டு சண்டை முடிஞ்சிச்சின்னுட்றானுங்க ரோசி. மண்ணுக்குள்ள கீற வெடிக்கு யாரு போய் சொல்றது?" என்பீர்கள்.

போகக் கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். மூன்று விரல் குறைந்த காலோடு நீங்கள் வந்து இறங்கிய நாளை மறப்பேனா? கடைசியில், சோதனையில் கருவி ஜெயித்தால் அப்புறம் பேசலாம் என்று ஒப்புக்கொண்டேன். தோற்க வேண்டும் என்று ஜெபமும் செய்தேன். கர்த்தர் மன்னிக்கட்டும்.

சோதனை எங்கே தெரியுமா? வேர்க்கடலை பிடுங்கிய நம் செய்யூர் கொல்லையில். கூடப் படிக்கிறவர்கள் இவளுக்குத் தெரியாமல் பன்னிரண்டு தகர மூடிகளைப் புதைத்தார்கள். டிரோன் போய்வந்தது. அது காட்டிய இடத்திலெல்லாம் சிவப்புக் கொடி நட்டார்கள். எண்ணினால் பதிமூன்று.

எஸ்தர் முகம் செத்துப்போனது. "பொய் சொல்ற மெஷின நம்பி யாரும்மா காலெடுத்து வெப்பாங்க?" என்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் அவள் உங்கள் பழைய கம்பியை எடுத்துவந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே குப்புறப் படுத்து, யாரும் மூடி புதைக்காத அந்தப் பதிமூன்றாவது கொடியடியில் சாய்வாகக் குத்தினாள். ‘டங்’ என்றது. நான் இரண்டடி பின்னால் குதித்தேன்.

தோண்டினால் உங்கள் பட்டாளத்துத் தகரப் பெட்டி! திறந்தால் கேன்டீன் ரம், ஒன்றரை பாட்டில்!

பக்கத்துக் கொல்லை கன்னியப்பன் வேடிக்கை பார்க்க வந்தவர், மெல்ல நழுவப் பார்த்தார். பிடித்துக்கொண்டேன்.

"நான் இன்னா அண்ணி பண்றது? டாக்டர் குடிக்கக் கூடாதுன்னுட்டாரு, நீயும் வூட்ல விடல. அண்ணாத்த பொதைச்சி வெச்சிக்கினாரு. அப்பால எங்க பொதைச்சாருன்னு அவருக்கே தெர்ல. மூணு மாசம் தேடிக்கினு இருந்தாரு பாவம்."

பாவமா! நீங்கள் தினமும் கம்பியோடு கொல்லையைக் குத்திக்கொண்டு திரிந்தபோது, சண்டை இன்னும் இந்த மனுஷனை விடவில்லையே என்று நான் அழுதேன். அந்தத் தவக்காலம் முழுக்க உங்களுக்காக உபவாசம் இருந்தேனே! நான் பட்டினி கிடந்தேன், நீங்கள் ரம் தேடினீர்கள். வெட்கமாக இல்லை? எஸ்தர் மண்ணில் உருண்டு சிரித்தாள். எனக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

சிரித்து ஓய்ந்து வரப்பில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. எதைப் புதைத்தாலும் அடையாளம் வை என்று ஊருக்கே சொன்ன மனுஷன், தன் அரைக்காணி கொல்லையில் தான் வைத்ததையே மறந்துவிட்டார். அந்த நாட்டில் கோபத்தில் புதைத்துவிட்டுப் போனவர்களுக்கா ஞாபகம் இருக்கும்? அந்தப் பிள்ளைகளுக்கு யார் எடுத்துக் கொடுப்பார்கள்? என் வாயிலிருந்து தானாக வந்தது: "போயிட்டு வா எஸ்தர்."

போன ஞாயிறு இரண்டு பேரும் திருவிடந்தை கடற்கரைக்குப் போனோம். பழக்கதோஷத்தில் நான் முன்னால், அவள் என் தடத்தில். சட்டென்று நான் வரிசையை விட்டு விலகி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் கோணல்மாணலாக ஓடினேன். "யம்மா, இன்னா ஆச்சு உனக்கு?" என்று கத்திக்கொண்டே அவளும் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியதே தவிர, இத்தனை வருஷத்தில் கடற்கரை இவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பிள்ளைகளும் ஒருநாள் இப்படி ஓடுவார்கள்.

அடுத்த மாதம் எஸ்தர் கிளம்புகிறாள். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். அவள் முழுசாய்த் திரும்பி வந்ததும் உங்கள் ரம்மை ஊற்றி ஒரு கேக் செய்வேன். கல்லறைக்கு உங்கள் பங்கை நானே கொண்டுவருவேன், இது சத்தியம். அதுவரை பாட்டில் பீரோவில் இரண்டாவது தட்டில், பைபிளுக்குப் பின்னால் இருக்கிறது. மறக்காமல் எழுதியும் வைத்துவிட்டேன்.

இத்தனை காலம் உங்கள் தடத்தில் நடந்து, இப்போது கண்டபடி ஓடப் பழகும் உங்கள் மனைவி,
ரோசி