மாத்திரை ஒட்டிய பக்கம்

கோபித்துக்கொண்டு போன மகராசனுக்கு,

"பெரிய டாக்டர்கிட்ட போய் யாராவது வாதாடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு வார்டை விட்டுப் போய்விட்டீர்கள். போங்கள். ஆபரேஷனுக்கு நான் கையெழுத்துப் போடவில்லை, இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு போடப்போவதும் இல்லை.

ஸ்கேனுக்குப் படுக்கும் முன் வலது நெற்றிப்பொட்டில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை ஒட்டிக்கொண்டேன். எங்கள் மூளை ஆய்வகத்தில் ஸ்கேனுக்கு வரும் எல்லோருக்கும் அப்படித்தான் ஒட்டுவோம். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எது வலது என்ற சந்தேகமே வராது. ஸ்கேன் எடுத்தவர், "மாத்திரைய முழுங்கணும்மா, ஒட்டிக்கக் கூடாது" என்று சிரித்தார்.

இன்று காலை ஸ்கேன் சி.டி.யை வாங்கி லேப்டாப்பில் போட்டேன். பட்டன் எதுவும் இல்லாமல் கட்டளையைத் தட்டினால் மட்டும் வேலை செய்யும் என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அந்தக் கறுப்புத் திரைதான். ஒரே வரி தட்டினேன், என் மூளை வந்து நின்றது. கட்டி இருக்கும் பக்கத்தில்தான் வெள்ளைப் புள்ளியும் இருக்கிறது. அறிக்கையிலோ 'இடது' என்று போட்டிருக்கிறார்கள். சில திரைகள் படத்தை இடம் வலம் மாற்றிக் காட்டும். யாரோ பார்த்ததை அப்படியே எழுதிவிட்டார்கள்.

கட்டி எவ்வளவு பெரியது என்று கேட்காதீர்கள். அதை அளக்கவும் ஒரு கட்டளை உண்டு. நான் தட்டவில்லை.

நான்கு மணிக்குப் பெரிய டாக்டரை வரச் சொல்லியிருக்கிறேன். வாதாட நானே போதும். நீங்கள் வந்து சும்மா பக்கத்தில் நில்லுங்கள்.

வலது பக்கத்தில்.

உங்கள் வாயாடி