வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

நவம்பர் 4, செவ்வாய்

மூட்டம். மழை வருவதுபோல் காட்டி ஏமாற்றுகிறது, என் மைத்துனனின் வாக்குறுதி மாதிரி.

பூமணி அக்கா வீட்டில் வேலை. நெடுங்கேணிச் சந்தையிலிருந்து காட்டுப்பக்கம் போகும் ஒழுங்கையில் கடைசி வீடு. புதிதாக இழுத்துக் கட்டிய அறை, அதில் பழைய முதிரை மர யன்னல். வெடித்த கண்ணாடி மாற்றவேண்டும். கொண்டுபோனவை: கண்ணாடி, கண்ணாடியை மரத்தோடு பிடிக்க வைக்கும் புட்டி, சின்ன ஆணி, மனுசி கட்டித்தந்த புட்டு. புட்டியும் புட்டும் ஒரே பையில். மத்தியானம் எதைத் தின்றேன் என்பது வயிற்றுக்குத்தான் வெளிச்சம்.

யன்னலைப் பார்த்ததும் சிரிப்பு. நிலையை மேசன் உள்ளும் வெளியும் மாற்றி வைத்திருக்கிறார். மழைத்தண்ணீர் முற்றத்துக்கு ஓடும்படி கீழ்க்கட்டை வெளியே சரிந்திருக்க வேண்டும்; இங்கே அறைக்குள் சரிவு. கண்ணாடி இருக்கிற பள்ளம், அந்தக் காடி, வெளிப்பக்கம் இருக்கவேண்டும், உள்ளே இருக்கிறது. வெளியே திறக்கவேண்டிய கதவு உள்ளே திறக்கிறது. எல்லாவற்றிலும் விசேசம், தாழ்ப்பாள் முற்றத்தில். கள்ளன் திருடி முடித்துப் பொறுப்பாகப் பூட்டிவிட்டுப் போகலாம்.

"ஏன் அக்கா, பாத்த உடனை கழட்டித் திருப்பியிருக்கலாமே?"

"நல்ல நேரம் முடியப்போகுது எண்டு ஐயர் நிண்டு கத்தினார். மேசன் பதறிப்போய்ச் செருகிட்டான். சாந்து இறுகினாப் பிறகுதான் நாங்கள் பாத்தது. நேரத்துக்கு வைச்ச நிலையைக் கிளப்பக் கூடாதாமே."

அது சரி. எங்கள் பக்கத்தில் பிழையான நிலையோடும் வாழ்ந்துவிடுவோம், கிளப்பமாட்டோம். (மனுசி இந்தக் கொப்பியை வாசித்தால், இது நிலையைப் பற்றி மட்டும்.)

உள்ளே ஒரு புதுத் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே இருக்கும் பழைய பித்தளையைக் கழற்றப் போக, அக்கா கையைப் பிடித்துவிட்டா.

"அது இருக்கட்டும். தேவி பூட்டித் திறந்த தாழ்ப்பாள்."

தேவி, அக்காவின் தங்கச்சி. சண்டைக்குள் இடம்பெயரும்போது எல்லோரும் கதவு, யன்னல், கூரைத் தகரம் என்று கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போன காலம். இந்த யன்னலைச் சாக்கால் சுற்றிக் கட்டி ஏற்றியது அவதான். தண்ணீரூற்று ஊரில் தெரிந்த ஒருவர் வளவில் இறக்கிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து பார்க்க யன்னல் அப்படியே கிடந்தது. தேவி வரவில்லை. எங்கே, என்ன, ஒன்றும் தெரியாது. அவவின் மகன் சுதனை அக்காதான் வளர்த்தெடுத்தா. இப்போது நெளுக்குளத்தில் ஆள் ஏற்றும் வான் வண்டி ஓடுகிறான். அந்த வானில் எரிகிற லைட் எங்கள் கோயில் தேரில்கூட இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

நல்ல மழை. இருமல். மனுசியின் கொத்தமல்லித் தண்ணீர், மூன்று தரம். இருமலைவிட மோசம்.

அக்கா போனில். "தம்பி, யன்னல் வெளியால பூட்டிக் கிடக்குது."

"குரங்காயிருக்கும் அக்கா."

"குரங்கு தாழ்ப்பாள் போடுமோ?"

"என்ர மாமியார் போடுறா, குரங்கு போடாதோ?"

குசினிக்குள் சட்டி ஒன்று பலமாக வைக்கப்பட்டது. பின்னேரம் தேத்தண்ணி இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இதை இன்றைக்கே எழுதிவைக்கிறேன், நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

அக்கா திரும்பவும் கூப்பிட்டா, போனேன். யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, "இருங்கோ, மழை வரட்டும்" என்றா. கண்ணாடி வேலைக்குப் போனவனை மழைக்குக் காவல் வைத்த முதல் வீடு. பலகாரம் இருந்ததால் இருந்தேன்.

மூன்றாவது சீப்புப் பலகாரம் வாயில். வெளியே தகரத்தில் முதல் துளி, 'டொக்'. யன்னற்கதவு அறைக்குள் விரியத் திறந்திருந்தது. அதன் விளிம்பில் என் கை. சாத்தத்தான் நினைத்தேன். அதற்குள் கதவு என் கையிலிருந்து போனது. காற்று இழுத்தால் அடிக்கும். இது அடிக்கவில்லை. மெதுவாக, வழக்கமாகச் சாத்துகிற ஆள் சாத்துகிற மாதிரி, முற்றத்துப் பக்கம் இழுபட்டு நிலையில் போய் இருந்தது. பிறகு வெளியே பித்தளை உரசும் சத்தம். அந்தத் தாழ்ப்பாளைத் தள்ளி, பிறகு கீழே மடக்கவேண்டும். தள்ளிய சத்தம் கேட்டது. மடக்கிய சத்தமும் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். (ஓடினேன் என்பது பெருமை. வயிறு முன்னால் போக, நான் பின்னால் போனேன்.) முற்றத்தில் யாரும் இல்லை. ஈரமண்ணில் நான் பதித்த அடி மட்டும். திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன். முழுக்க மழைத்துளி. நடுவில் மட்டும் ஒரு வளைவு துடைத்து விட்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்க, துடைத்த இடத்தில் திரும்பவும் துளி விழ, அது திரும்பவும் துடைபட்டது.

சீப்புப் பலகாரம் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

அக்கா வாசலில் நின்றா. பதற்றமே இல்லை.

"மழை இறங்க முந்தி யன்னலைப் பூட்டுவாள். பூட்டிப்போட்டு, சீலைத் தலைப்பாலை கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு மழை பாப்பாள். சின்னனிலயிருந்து அப்பிடித்தான்."

"அப்ப உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம். நான் தனியச் சொன்னா விசர் எண்டுவாங்கள். ஊர்க்கதை காவுற ஆள் ஒருத்தர் கண்ணால பாக்கவேணும் எண்டுதான் உங்களைக் கூப்பிட்டனான்."

இவ்வளவு மரியாதையாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

நவம்பர் 10, திங்கள்

கடை திறந்தேன். கண்ணாடி ஒன்றும் வெட்டவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர், "என்ன, இண்டைக்கு ஒரு புதினமும் இல்லையோ?" என்றார். இல்லை என்றேன். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

யோசிக்க யோசிக்க ஒன்று விளங்குகிறது. நிலை மாறியிருக்கிறதால் அந்த யன்னலுக்கு முற்றம்தான் வீடு.

நவம்பர் 12, புதன்

சுதன் வந்து நிற்கிறான், என்னையும் வரச்சொன்னா அக்கா. வானின் பின்கதவு திறந்தபடி. அக்காவின் உடுப்புப் பை ஏற்கெனவே உள்ளே.

"பெரியம்மாவை வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போறன். வீட்டைப் பூட்டப்போறன். அண்ணை, நீங்களும் வயசுபோனவையோடை சேந்து பேய்க்கதை கதைக்கிறியள்."

"தம்பி, நான் கண்டனான்."

"என்னத்தைக் கண்டனீங்கள்? அம்மாவையோ?" வானின் கதவில் கையால் அடித்தான். "அம்மா இஞ்சை நிண்டு யன்னல் பூட்டுறா எண்டா, அம்மா செத்திட்டா எண்டெல்லே கதை. உங்களுக்கு அது லேசாக் கிடக்குது. நான் இண்டைக்கும் பஸ் ஸ்ராண்டில அந்த வயசில ஒரு மனுசி போனா வானை நிப்பாட்டி முகத்தைப் பாக்கிறவன்."



அக்கா தன் பையை வானிலிருந்து இறக்கவும் இல்லை, அழவும் இல்லை. மெதுவாகச் சொன்னா:

"நான் வாறன். வெள்ளிக்கிழமை வாறன். அதுக்கு முதல் யன்னலைத் திருப்பி வைச்சுத் தா. அவள் தான் வீட்டுக்குள்ளை நிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு மழையில நிக்கிறாளடா."

மேசனுக்குப் போன் போட்டேன். நேரத்துக்கு வைத்த நிலையை அவர் கிளப்பமாட்டாராம், பிள்ளைகுட்டிக்காரராம். அக்காவிடம் சொன்னேன்.

"நல்ல நேரத்திலதானே பிழையா வைச்சவை," என்றா. "வெள்ளிக்கிழமை இராகு காலத்தில சரியா வையுங்கோ."

நவம்பர் 14, வெள்ளி

வெயில். இராகு காலம், காலை பத்தரைக்குத் தொடக்கம். மனுசியிடம் நெளுக்குளத்துக்குக் கண்ணாடி எடுக்கப் போகிறேன் என்று பொய்.

மேசன் இல்லாததால் சுதன்தான் மறுபக்கம் பிடித்தான். பிடிக்கமாட்டேன் என்றுதான் நின்றான். சாந்தை நான் கொத்தக் கொத்த, ஒருமுறை நிலை ஆடி என் பக்கம் சரிந்தது. ஓடிவந்து தாங்கினான். முதிரைப் பாரம், என் வயிற்றுக்குப் போட்டி. முற்றத்தில் இறக்கியபின் அவன் கை நிலையிலிருந்து எடுபடவில்லை. கீழ்க்கட்டையின் ஓரத்தைத் தடவினான்.

"இதிலை இருந்துதான் இடம்பெயர்ந்து போனனான். உழவு இயந்திரத்துக்கு மேலை. அம்மா என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு வந்தவா."

திருப்பி ஏற்றினோம். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், முடி அளவு கோணல். விட்டுவிட்டேன். சரிவு முற்றத்துக்கு. காடி முற்றத்துக்கு. கதவு வெளியே திறக்கிறது. பழைய தாழ்ப்பாள் உள்ளே; நான் போட்ட புதியதைக் கழற்றிவிட்டேன். சாந்து காயவேண்டும் என்று பயணம் ஒரு நாள் தள்ளிப்போனது. தள்ளிப்போட்டது நான் இல்லை, சாந்து.

நவம்பர் 15, சனி

கொத்தும்போது உதிர்ந்த புட்டியைத் திரும்ப வைக்கக் காலையில் போனேன். இப்போது புட்டி வைக்கிற பக்கம் முற்றம், அதனால் நான் வெளியே. பெருவிரலால் அழுத்திக்கொண்டு போனேன். யன்னற்கதவு வெளியே விரியத் திறந்திருந்தது. அக்கா பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையுடன். சுதன் வானுக்குள் அக்காவின் தையல் மெசினைக் கட்டிக்கொண்டு நின்றான். வீட்டுக்குள் யாரும் இல்லை. இதை நான் திரும்பவும் எழுதுகிறேன். வீட்டுக்குள் யாரும் இல்லை.

கறுத்துக்கொண்டு வந்தது. தகரத்தில் முதல் துளி.

கதவு என் பெருவிரலின் கீழிருந்து நழுவியது. உள்ளே இழுபட்டது, மெதுவாக. தள்ளிய சத்தம். மடக்கிய சத்தம். உள்ளேயிருந்து.

கண்ணாடியின் உட்பக்கம், மூச்சுப் பட்டதுபோல் ஆவி படிந்து வெண்மையானது. பிறகு அந்த ஆவியில் ஒரு வளைவு துடைபட்டது. துடைத்த இடத்தால் அறையின் அடுத்த சுவர் தெரிந்தது, வேறொன்றும் இல்லை. ஆனால் எங்கள் மூன்று பேரையும் யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது. நான் என்னையறியாமல் சேட்டுப் பொத்தானைப் பூட்டினேன்.

சுதன் மெசினை விட்டுவிட்டு மழையில் நின்றான்.

"பெரியம்மா... உள்ளுக்கு ஆர்?"

அக்காவின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் மழை விழுந்துகொண்டிருந்தது.

"நனையாதை," என்றா. "கூப்பிடப்போறா. உள்ளுக்குப் போ."

போனான். நாங்கள் வெளியே நின்றோம். ஒரு அழுகையும் கேட்கவில்லை, ஒரு பேச்சும் கேட்கவில்லை. கனநேரம் கழித்துத் தலை துவட்டிய துவாயோடு வெளியே வந்தான். வானுக்குப் போய்த் தையல் மெசினின் கயிற்றை அவிழ்த்தான். நான் ஒரு பக்கம் பிடித்தேன். துவாய் எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. நான் கேட்காமல் விட்ட கேள்வி, வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில், சுள்ளென்று. இருமல் போய்விட்டது. மனுசிக்குப் பொய் பிடிபட்டுவிட்டது, நெளுக்குளத்தில் கண்ணாடிக் கடையே இல்லையாம்.

விட்டுவந்த புட்டிக் கத்தியை எடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். யன்னல் விரியத் திறந்திருந்தது. அக்கா குசினிக்குள், மூன்று பேருக்கு அரிசி போடுகிறா. நான் சாப்பிட நிற்கவில்லை என்றேன். "உங்களுக்கில்லை" என்றா.

சுதன் இன்றைக்கும் வான் ஓடவில்லை. யன்னலுக்குப் பக்கத்தில் நான் இருந்த அதே கதிரையில் இருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு முகிலும் இல்லை.

"அண்ணை," என்றான், "மழை எப்ப வரும்?"